கலமசூவின் காந்தங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்றோர் ஊர். அங்கே பார்சன்ஸ் தெரு 225ஆம் இலக்கத்தில் 1917இல் செங்கல்லால் எழுந்த தொழிற்சாலையில்தான் கிப்சன் நிறுவனம் அறுபத்தேழு ஆண்டுகள் கிதார் செய்தது. 1984இல் அது கதவைச் சாத்திவிட்டு நாஷ்வில் நகரத்துக்குப் போனது. ஊரைவிட்டுப் போக மனமில்லாத பழைய தொழிலாளர்கள் சிலர் மறு ஆண்டே அதே கட்டடத்தில் ஹெரிட்டேஜ் என்ற பெயரில் சொந்தப் பட்டறை தொடங்கினார்கள். ஜாஸ் கிதார் என்றதும் காதில் ஒலிக்கிற கனிந்த, விளிம்பு மழுங்கிய, சதைப்பற்றுள்ள குரலில் பெரும்பகுதி இந்த ஒரு கட்டடத்தில் பிறந்தது. அதைப் பிறப்பித்ததில் மரத்துக்கும் தந்திக்கும் எவ்வளவு பங்குண்டோ, தந்திகளுக்கு அடியில் உட்கார்ந்து அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கும் அவ்வளவு பங்குண்டு.

உடலுக்குள் அங்கங்கே அறைகள் குடைந்த எலெக்ட்ரிக் கிதாரை இன்று ஜாஸ் கலைஞர்கள் பலர் விரும்பிக் கேட்டுச் செய்துகொள்கிறார்கள். முழுக்க உள்ளீடற்ற பெட்டிக்கும் முழுக்கட்டைக்கும் நடுவில் நிற்கிற வாத்தியம் அது. செய்யச் சொன்னவர் முதலில் திணறுவது பிக்கப் தேர்வில்தான். சார்லி கிறிஸ்டியன் வகை, பி-90, ஹம்பக்கர், மிதக்கும் பிக்கப் என்று கடைப் பட்டியல் நீள்கிறது. இவற்றில் எதுவும் சுவைக்காக மட்டும் உண்டானதில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஒரு தொல்லையைத் தீர்க்க யாரோ கண்ட வழி. அந்தத் தொல்லைகள் எவை என்று தெரிந்துகொண்டவருக்குப் பட்டியல் மிரட்டாது.

முதல் தொல்லை, சத்தம் போதாமை.

ஆரம்பகால ஜாஸ் குழுக்களில் கிதாரைவிட பாஞ்சோவுக்கே மதிப்பு. காரணம் எளிது: அது காதைத் துளைக்கும். 1922இல் லாய்டு லோர் என்ற வடிவமைப்பாளரின் முயற்சியில் கிப்சன் எல்-5 கிதாரைக் கொண்டுவந்தது. வயலினைப் போலவே செதுக்கி வளைத்த மேற்பலகை, இருபுறமும் எஃப் எழுத்து வடிவத் துளைகள். ஓசை முன்னோக்கிப் பாய்ந்தது. ஃபிலடெல்ஃபியாவின் எடி லாங் போன்றவர்கள் அதை ஏந்தியதும் பாஞ்சோ மெல்லப் பின்வாங்கியது. ஆனால் 1930களின் நடனக்குழுக்கள் வீங்கிக்கொண்டே போயின. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் வரிசைகளுக்கு முன்னால் மரப்பெட்டியால் என்ன செய்ய முடியும்? 1934இல் கிப்சன் பதினெட்டு அங்குல அகலத்தில் சூப்பர் 400 என்ற மாபெரும் கிதாரைச் செய்து பார்த்தது. பெட்டியை இதற்குமேல் பெரிதாக்கினால் கை எட்டாது.

அந்த எல்லைக்குள்ளேயே வாழ்ந்து சாதித்தவரும் உண்டு. கவுண்ட் பேசி குழுவில் 1937இல் சேர்ந்த ஃபிரெடி கிரீன், 1987இல் இறக்கும்வரை அக்குழுவின் தாளத்தைத் தாங்கினார். ஆம்ப்ளிஃபயரை அவர் நாடவில்லை. அவர் வாசிப்பது தனியாகக் கேட்காது. அவர் நிறுத்தினால்தான் குழுவில் எதுவோ குறைவது தெரியும் என்பார்கள். அரை நூற்றாண்டு அப்படி வாசிக்க அபாரமான தன்னடக்கம் வேண்டும். எனினும் அது தாளக்காரரின் இடம். கிதாரில் தனி ஆவர்த்தனம் செய்ய விரும்பியவருக்கு அந்த இடம் போதவில்லை.

வழி ஹவாய் இசையிலிருந்து வந்தது. மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கிதாருக்காக ஜார்ஜ் போஷாம்ப் என்ற இசைக்கலைஞரும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் லாஸ் ஏஞ்சல்ஸில் 1931இல் ஒரு மாதிரியைச் செய்தார்கள். 1932இல் அது விற்பனைக்கு வந்தது. குதிரைலாடக் காந்தங்கள் தந்திகளைச் சூழ்ந்து நின்றன. தத்துவம் மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்ததுதான். எஃகுத் தந்தி காந்தத்தின் அருகே அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும்; அசையும் புலம் பக்கத்திலிருக்கும் செப்புச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். காற்றின் அதிர்வுக்கு இங்கே வேலை இல்லை. பெட்டியே இல்லாவிட்டாலும் தந்தி பேசும். ஜாஸ் கிதாரின் பின்னாளைய சச்சரவுகள் எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்து கிளைத்தவை. பெட்டி தேவையில்லை என்றால், பெட்டியை ஏன் வைத்திருக்க வேண்டும்? வைத்திருப்பதானால், அதன் குரலுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது?

கலமசூ இந்தக் கேள்விக்குத் தன் முதல் பதிலை 1936இல் தந்தது. வால்டர் ஃபுல்லர் என்ற ஊழியர் உருவாக்கிய பிக்கப்புடன் இஎஸ்-150 வெளிவந்தது. 'எலெக்ட்ரிக் ஸ்பானிஷ்' என்பதன் சுருக்கம் இஎஸ். கிதார், ஆம்ப்ளிஃபயர், இணைப்புக் கம்பி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 150 டாலர் என்பதால் அந்த எண். செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேற்பலகைக்கு அடியில் இரண்டு கனத்த காந்தங்கள் படுத்துக் கிடக்கும். அவற்றின் முனையிலிருந்து ஓர் எஃகுத் தகடு செங்குத்தாக மேலெழுந்து, தந்திகளுக்குக் கீழே தன் விளிம்பை மட்டும் காட்டும். தகட்டைச் சுற்றிச் செப்புச் சுருள். வெளியே தெரிவது ஓர் அறுகோணச் சட்டமும், காந்தங்களைத் தாங்கும் மூன்று திருகுகளும் மட்டுமே.

இந்த அமைப்பில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. தகட்டின் விளிம்பு ஒடுக்கமானது. ஆகவே அது தந்தியின் மிகச் சிறு பகுதியைத்தான் கேட்கிறது. ஓசை துலக்கமாக, ஒவ்வொரு சுரமும் தனித்து விழும். அடுத்தது, பிக்கப் உட்கார்ந்த இடம். அது விரற்பலகை முடியும் இடத்தை ஒட்டி வைக்கப்பட்டது. அங்கே தந்தி அகலமாக ஆடும்; ஆதார சுரம் வலுத்து, கூர்மையான மேல்சுரங்கள் தணிந்து நிற்கும். இன்றுவரை ஜாஸ் கலைஞர்கள் கழுத்தை ஒட்டிய பிக்கப்பிலேயே குடியிருப்பதற்கு வித்து அங்கே விழுந்தது. ஒரு குறையும் இருந்தது. மேற்சுற்று இல்லாத பி தந்தி மற்றவற்றைவிட உரக்கக் கத்தியது. பிற்காலத் தகடுகளில் அந்தத் தந்திக்கு நேர்கீழே ஒரு பள்ளம் வெட்டி அதை அடக்கினார்கள்.

இந்தக் கிதாரை வரலாற்றில் ஏற்றியவர் சார்லி கிறிஸ்டியன். 1916இல் டெக்சஸில் பிறந்து ஓக்லஹோமா நகரத்தில் வளர்ந்தவர். பள்ளியின் கைத்தொழில் வகுப்பில் சுருட்டுப் பெட்டிகளைக் கொண்டு கிதார் செய்த சிறுவனாக அவரை நினைவுகூர்ந்திருக்கிறார் அதே ஊரில் வளர்ந்த எழுத்தாளர் ரால்ஃப் எலிசன். 1939 ஆகஸ்டில், தயாரிப்பாளர் ஜான் ஹாமண்டின் ஏற்பாட்டில், புகழின் உச்சியிலிருந்த குழுத் தலைவர் பென்னி குட்மேனைப் பார்க்க கிறிஸ்டியன் கலிஃபோர்னியா போனார். குட்மேனுக்கு முதலில் ஆர்வமில்லை. அன்றிரவு பெவர்லி ஹில்ஸின் விக்டர் ஹியூகோ உணவகத்தில், குட்மேன் இடைவேளைக்குப் போன நேரத்தில், கிறிஸ்டியனையும் அவருடைய ஆம்ப்ளிஃபயரையும் மேடையில் ஏற்றிவிட்டார்கள். திரும்பி வந்த குட்மேன் இந்த இளைஞனுக்குத் தெரிந்திருக்காது என்று எண்ணி 'ரோஸ் ரூம்' பாட்டை எடுத்தார். முக்கால் மணிநேரம் போலப் பாட்டு முடியவே இல்லை என்று ஹாமண்ட் பின்னாளில் விவரித்தார். ஹாமண்டின் நினைவில் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் அந்த இரவுக்குப் பின் கிறிஸ்டியன் குட்மேன் குழுவில் இருந்தார் என்பது பதிவான உண்மை.

அதே ஆண்டு டிசம்பரில் 'டவுன் பீட்' இதழில் கிறிஸ்டியன் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. கிதார்காரர்களே, மின்சாரத்தைக் கையில் எடுங்கள், தாளம் தட்டும் மூலையிலிருந்து வெளியே வாருங்கள் என்பது அதன் சாரம். அவர் அதை வாசித்தே காட்டினார். சாக்ஸபோன்காரர்கள் ஊதுவதுபோல நீண்ட, ஒற்றை வரி வாக்கியங்கள். 1941இல் பதிவான 'சோலோ ஃபிளைட்' ஒரு பெரிய குழுவின் நடுவே கிதார் தலைமைக் குரலாக நிற்க முடியும் என்பதற்கு இன்றும் போதுமான சான்று. காசநோய் அவரை 1942 மார்ச்சில் கொண்டுபோனது. வயது இருபத்தைந்து. பேரொளியில் அவர் இருந்தது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. ஆனாலும் அந்தப் பிக்கப்புக்கு இன்றும் ஃபுல்லரின் பெயரோ கிப்சனின் பெயரோ இல்லை. எல்லாரும் அதைச் சார்லி கிறிஸ்டியன் பிக்கப் என்றே அழைக்கிறார்கள். ஓக்லஹோமாவிலிருந்து வந்த இன்னொரு பெரிய கலைஞரான பார்னி கெசல், புது வகைகள் வந்த பிறகும், தன் கிப்சன் இஎஸ்-350 கிதாரில் இருந்ததை எடுத்துவிட்டு இந்தப் பழைய பிக்கப்பைப் பொருத்தி வாசித்தார். இளமையில் கிறிஸ்டியனுடன் சேர்ந்து வாசித்தவருக்கு அந்தக் குரலை விட மனம் வரவில்லை.

போர் வந்தது. உலோகம் போருக்குப் போனது; மின்கிதார் உற்பத்தி நின்றது. 1946இல் கலமசூ மீண்டும் எலெக்ட்ரிக் கிதார்களுக்குத் திரும்பியபோது பிக்கப்பின் உருவமே மாறியிருந்தது. பின்னாளில் பி-90 என்று பெயர் பெற்ற இது அகலமும் தட்டையுமான ஒற்றைச் சுருள் கொண்டது. முடியளவு மெல்லிய கம்பி அதில் ஏறத்தாழ பத்தாயிரம் சுற்று. காந்தங்கள் சிறுத்துச் சுருளுக்கு அடியில் ஒதுங்கின. தகட்டுக்குப் பதில் தந்திக்கு ஒன்றாக ஆறு திருகுகள். எந்தத் தந்தி கத்துகிறதோ அதன் திருகை இறக்கினால் போதும். அகலச் சுருள் தந்தியின் நீளமான பகுதியைக் கேட்பதால் நடுச்சுரங்கள் தடித்து, குரலில் ஒரு கரகரப்பும் கூடியது.

1949இல் வந்த இஎஸ்-175 இன்னொரு துணிச்சல். அதன் மேற்பலகை செதுக்கிய ஸ்ப்ரூஸ் இல்லை, அடுக்கி ஒட்டிய மேப்பிள் பலகை. விலை குறைவு என்பது ஒரு காரணம். மற்றது ஊளை. ஆம்ப்ளிஃபயரின் ஓசை திரும்பிவந்து கிதாரின் மேற்பலகையை அதிரவைக்கும். அந்த அதிர்வு தந்தி வழியாகப் பிக்கப்புக்குப் போய், மீண்டும் ஆம்ப்ளிஃபயருக்குப் போய், சுழன்று சுழன்று ஊளையாகும். நன்றாகப் பாடுகிற பலகைதான் அதிகம் ஊளையிடும். ஒட்டுப்பலகை விறைப்பானது, தூண்டினாலும் எளிதில் அசையாது. சுத்த மரத்தின் குரலைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மேடையில் நிம்மதியை வாங்கினார்கள். நல்ல பேரம்தான் அது. பதின்மூன்று வயதில் கிறிஸ்டியனின் 'கிராண்ட் ஸ்லாம்' தட்டைக் கேட்டுத் தன் வாழ்க்கை திசைமாறியதாகச் சொன்ன ஜிம் ஹால், பி-90 பொருத்திய பழைய இஎஸ்-175 ஒன்றை ஹவர்ட் ராபர்ட்ஸ் என்ற சக கலைஞரிடமிருந்து வாங்கினார். 1962இல் சன்னி ராலின்ஸுடன் செய்த 'தி பிரிட்ஜ்', பில் எவன்ஸுடன் செய்த 'அண்டர்கரண்ட்' இரண்டையும் கேட்டால், ஒட்டுப்பலகையும் ஒற்றைச் சுருளும் எவ்வளவு மென்மையாகப் பேச முடியும் என்று புரியும். மரம் மட்டமானது என்று யாரும் அந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டுச் சொல்லமாட்டார்கள்.

அடுத்த தொல்லை, உறுமல். ஒற்றைச் சுருள் தந்தியின் அசைவை மட்டும் பிடிப்பதில்லை. சுவரில் ஓடும் மின்கம்பி, மின்மாற்றி, மேடை விளக்கு என எல்லாவற்றின் காந்தப்புலத்தையும் சேர்த்துப் பிடிக்கும். அமெரிக்காவில் அது நொடிக்கு 60 முறை, இந்தியாவில் 50 முறை. கோயில் திருவிழா மைக் செட்டில் கச்சேரி தொடங்குமுன் கேட்கிற அந்த 'ம்ம்ம்' இதே குடும்பம்தான். பாட்டுக்கு நடுவே மௌனத்தை நம்பி வாசிக்கிற ஜாஸ் கலைஞருக்கு அது தாங்க முடியாத எரிச்சல்.

கலமசூவிலேயே பிறந்த சேத் லவர் ரேடியோ பழுது பார்த்துத் தொழில் கற்றவர், கடற்படையில் மின்னணுவியல் பயின்று பயிற்றுவித்தவர். 1955இல், கிப்சனின் தலைவர் டெட் மெக்கார்ட்டியின் காலத்தில், இந்த உறுமலைத் தீர்க்கும் வேலை அவர் மேசைக்கு வந்தது. ஆம்ப்ளிஃபயர் ஒன்றில் உறுமலைக் கொல்ல இரட்டைச் சுருளை அவர் ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தார். அதையே பிக்கப்புக்குக் கொண்டுவந்தார்; உறுமலை அடக்கும் அந்தப் பிக்கப்தான் ஹம்பக்கர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுருள்கள். ஒன்றுக்கு வடதுருவம் மேலே, மற்றதற்குத் தென்துருவம். சுருள்களின் இணைப்பும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் சமமாக நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் அதிர்வு மட்டும் கூடிப் பெருகும். பி-90இல் ஒரே சுருளாக இருந்த பத்தாயிரம் சுற்று இங்கே ஐயாயிரம் ஐயாயிரமாகப் பிரிந்தது. மேல்மூடிக்கு அவர் தேர்ந்தெடுத்தது ஜெர்மன் சில்வர், நம் வீடுகளில் தட்டும் டம்ளருமாகப் புழங்கிய அதே உலோகக் கலவை. பித்தளை போட்டிருந்தால் அது மேல்சுரங்களை விழுங்கியிருக்கும்.

1955 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. 1959 ஜூலையில்தான் கிடைத்தது. இடைக்காலத்தில் செய்த பிக்கப்புகளின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது' என்ற சிறு ஒட்டுச்சீட்டு இருக்கும். அந்தச் சீட்டின் ஆங்கில முதலெழுத்துகளான பி.ஏ.எஃப். என்பதே இன்று சேகரிப்பாளர்கள் சொத்தை விற்று வாங்குகிற பொருளின் பெயராகிவிட்டது. அவற்றில் எதுவும் இன்னொன்றைப் போல இல்லை. சுருள் சுற்றும் இயந்திரத்தில் சுற்றின் எண்ணிக்கை கறாராக இல்லை. கையில் கிடைத்த காந்தத்தைப் போட்டார்கள். அந்த ஏற்றத்தாழ்வுதான் அவற்றின் அழகு என்று இன்று சொல்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஜாஸ்காரர்களுக்கு ஹம்பக்கர் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. இரண்டு சுருள்கள் தந்தியை இரண்டு இடங்களில் கேட்பதால் சில மேல்சுரங்கள் தமக்குள்ளேயே கழிந்துபோகும். உறுமலைப் போக்கப் போன இடத்தில் மென்மையும் கைக்குக் கிடைத்தது.

1960களின் தொடக்கத்தில் ஒரே தொழிற்சாலையிலிருந்து இரண்டு நேரெதிர்க் கொள்கைகள் புறப்பட்டன. இந்த வரலாற்றிலேயே மிகச் சுவையான இடம் இது.

ஒரு பக்கம் வெஸ் மான்ட்கோமெரி. இண்டியானாபொலிஸ்காரர், 'சோலோ ஃபிளைட்' தட்டைக் கேட்டுவிட்டு, இருபது வயதை ஒட்டிக் கிதாரைப் பிடித்தவர். பிளெக்ட்ரம் இல்லாமல் கட்டைவிரலின் சதையால் வாசித்தார். அவர் கையில் எல்-5சிஇஎஸ்: செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேற்பலகையில் துளை வெட்டி ஹம்பக்கரை உள்ளே பதித்த கிதார். பிற்காலத்தில் அவருக்காக கிப்சன் கழுத்துப் பக்கம் ஒரே பிக்கப் வைத்துச் செய்துகொடுத்தது. பலகையில் துளையிட்டு உலோகத்தைத் தொங்கவிட்டால் பலகையின் குரல் தணியும். கூடவே ஊளையும் தணியும். வெஸ்ஸின் மேல்-கீழ் ஸ்தாயி இணைகள் உரத்த டிரம்ஸுக்கு மேலே திண்ணென்று நின்றதற்கு இந்தப் பதித்தலும் ஒரு காரணம்.

மறு பக்கம் ஜானி ஸ்மித். 1952இல் ஸ்டான் கெட்ஸுடன் 'மூன்லைட் இன் வெர்மான்ட்' பதிவு செய்து புகழடைந்தவர்; நியூயார்க்கில் என்பிசி வானொலியின் நிலையக் கலைஞராக இருந்தவர். அவர் பழகியது ஜான் டி'ஆஞ்சலிகோவின் கிதார்கள். மன்ஹாட்டனின் கென்மேர் தெருக் கடையில், 1932 முதல் 1964இல் இறக்கும்வரை, டி'ஆஞ்சலிகோ தன் கையால் செய்தவை ஆயிரத்துக்குச் சற்று மேல். அத்தகைய பலகையில் துளை போட யாருக்கு மனம் வரும்? அதற்கு ஒஹையோ மாநிலம் டொலீடோவின் ஹாரி டிஆர்மண்ட் 1930களின் இறுதியிலேயே வழி சொல்லியிருந்தார்: பலகையைத் தொடாமல், கழுத்தோரம் ஒரு கம்பியில் தொங்கும் பிக்கப். வேண்டாதபோது கழற்றிவிடலாம். 1961இல் கிப்சன் ஜானி ஸ்மித் பெயரில் கிதார் வெளியிட்டபோது, கழுத்தின் முனையில் பொருத்திய சிறு ஹம்பக்கர் பலகைக்கு மேலே மிதந்தது. மரம் முழு மூச்சு விட்டது. உரக்க வாசித்தால் ஊளையிடும் என்பது உண்மை. ஸ்மித் அவ்வளவு உரக்க வாசிக்கிறவர் இல்லை.

இதற்கிடையில் எதிர்முனையிலிருந்து, அதாவது முழுக்கட்டையிலிருந்து, சிலர் உள்ளே குடையத் தொடங்கியிருந்தார்கள். 1940ஐ ஒட்டி லெஸ் பால் என்ற கிதார் கலைஞர் நியூயார்க்கின் எபிஃபோன் தொழிற்சாலையில் நான்கு அங்குலப் பைன் கட்டை ஒன்றில் தந்தி கட்டி, பார்வைக்காக ஒரு கிதாரின் இரு பாதிகளை இருபுறமும் ஒட்டினார். கட்டை அசையாததால் ஊளை இல்லை. தந்தியின் ஆற்றலைப் பலகை உறிஞ்சாததால் நாதம் நீண்டு நின்றது. பெட்டியின் பண்பு நேர்மாறானது: சுரம் குபீரென்று பூத்துச் சீக்கிரம் உதிரும். தமிழ் ரசிகர்களுக்கு இந்த வேறுபாடு புதிதில்லை. அகவுஸ்டிக் மாண்டலினில் நிற்காத கமகம், ஐந்து தந்தி கட்டிய எலெக்ட்ரிக் மாண்டலினில் யூ. ஸ்ரீனிவாஸ் கையில் நின்றதை 1980கள் முதல் சென்னை சபாக்கள் கேட்டிருக்கின்றன. அங்கே வேலை செய்ததும் காந்தமும் சுருளும்தான்.

ஜாஸுக்கோ அந்த உதிர்வும் வேண்டும், ஊளையும் கூடாது. 1953இல் கிரெட்ச் நிறுவனத்தின் டியோ ஜெட் வந்தது. பார்வைக்கு முழுக்கட்டை, உள்ளே மஹோகனியில் குடைந்த அறைகள், மேலே டிஆர்மண்டின் பிக்கப்புகள். 1958இல் கிப்சனின் இஎஸ்-335, மெல்லிய பெட்டியின் நடுவே மேப்பிள் கட்டையை ஓடவிட்டது. அதே காலத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தில் ரோஜர் ரோஸ்மைஸல் கட்டையைப் பின்பக்கமாகக் குடைந்துகொண்டிருந்தார். ஜெர்மனியில் ஜாஸ் கிதார் செய்த வென்சல் ரோஸ்மைஸலின் மகன் அவர். தந்தை தன் கிதார்களுக்கு மகனின் பெயரையே சூட்டியிருந்தார். பிறகு ஃபெண்டர் நிறுவனத்துக்குப் போன ரோஜர், 1968இல் அதன் முழுக்கட்டைக் கிதாரான டெலிகாஸ்டரின் கனத்த ஆஷ் மரத்தைக் குடைந்து எடையைக் குறைத்து, ஒரு எஃப் துளையும் வெட்டி, தின்லைன் என்ற வடிவத்தைத் தந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் சேத் லவர் கிப்சனை விட்டு ஃபெண்டரில் சேர்ந்திருந்தார். 1970களின் தொடக்கத்தில் அவர் அங்கே உருவாக்கிய வைட் ரேஞ்ச் ஹம்பக்கர் தின்லைனில் ஏறியது. செம்பு, நிக்கல், இரும்பு கலந்த உலோகத்தில் காந்தத்தையே திருகாகக் கடைந்து செய்தது அது; கிப்சன் வகையைவிடத் துலக்கமாகப் பேசும். கலமசூவில் பிறந்த எண்ணமும் ஜெர்மானியச் செதுக்கு மரபும் கலிஃபோர்னியாவில் ஒரே கிதாரில் சந்தித்தன. ராக் கலைஞர்களே அதை அதிகம் கொண்டாடினார்கள் என்பது ஜாஸுக்கு நேர்ந்த இழப்பு.

முழுக்கட்டையிலும் ஜாஸ் உண்டு என்று நிரூபித்தவர் கனடாவின் எட் பிக்கர்ட். சாதாரண டெலிகாஸ்டர் அவருடையது. 1974இல் பால் டெஸ்மண்டுடன் செய்த 'ப்யூர் டெஸ்மண்ட்' தட்டைக் கண்ணை மூடிக் கேட்பவர் பெரிய பெட்டிக் கிதார் என்றே சத்தியம் செய்வார். விரலுக்கும் பிக்கப்புக்கும் பங்கு எவ்வளவு என்பதை அந்தத் தட்டு காட்டுகிறது. மறுகோடியில் ஜார்ஜ் பென்சன், 1977இல் ஜப்பானின் ஐபனெஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, சின்னஞ்சிறு பெட்டியில் தடித்த மேற்பலகையும் மிதக்கும் ஹம்பக்கர்களும் வைத்த ஜிபி10 கிதாரைக் கொண்டுவந்தார். பெரிய அரங்கில், உரத்த குழுவோடு, பெட்டிக் குரலோடு வாசிக்க அவருக்கு வேண்டியிருந்தது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அறை குடைந்த கிதாருக்குத் திரும்பினால், செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாதது தெளிவாகத் தெரிகிறது. ஜாஸ் என்றால் இருண்ட ஓசை என்று எண்ணி, அதிகச் சுற்றுக் கொண்ட வலுத்த பிக்கப்பை வாங்குவதுதான் பலரும் செய்கிற பிழை. சுற்று கூடக் கூட மேல்சுரம் குறையும், நடுச்சுரம் மொத்தமாக அடைத்துக்கொள்ளும். அறை குடைந்த உடல் தருவது கொஞ்சம் மரக்குரல்தான். அது அந்த நெரிசலில் முதலில் நசுங்கும். வெளிச்சம் அதிகமாக இருந்தால் டோன் குமிழைத் திருப்பித் தணிக்கலாம். இல்லாத வெளிச்சத்தை எந்தக் குமிழும் தராது. ஆகவே, பழைய பி.ஏ.எஃப். அளவில் மிதமாகச் சுற்றிய ஹம்பக்கர், அதிலும் மெழுகில் முக்காதது, இத்தகைய உடலுக்கு நல்ல பொருத்தம். மெழுகில் முக்கினால் சுருள் இறுகி, உரத்த மேடையில் கீச்சிடாது. முக்காத சுருள் உடலின் தட்டலையும் அதிர்வையும் கொஞ்சம் உள்வாங்கும். ராக் மேடையில் குறையாக நிற்பது இங்கே குணமாகிறது. முழுப்பெட்டியில் இதே பிக்கப் ஊளையிடக்கூடும்; அறை குடைந்த உடலுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது.

சுரங்கள் தனித்தனியாக விழ வேண்டும் என்பவர் பி-90 பக்கம் போகலாம். உறுமலோடு வாழப் பழக வேண்டும். சார்லி கிறிஸ்டியன் வகையை விரும்புபவருக்கு வேறொரு சிக்கல். மூலப் பிக்கப்பின் நீண்ட காந்தங்கள் உள்ளீடற்ற பெட்டிக்காகச் செய்தவை. அவற்றுக்கு இடம் வெட்டப் போனால் நடுக்கட்டையில் பாதி போய்விடும். அமெரிக்காவின் ஜேசன் லோலர் போன்ற கைவினைஞர்கள் தகட்டை வைத்துக்கொண்டு காந்தங்களைச் சுருக்கி, டெலிகாஸ்டரில் அடங்கும்படி செய்து தருகிறார்கள். மூலத்தின் அதே குரல் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த ஒடுங்கிய விளிம்பின் துலக்கம் இருக்கிறது. மிதக்கும் பிக்கப் மட்டும் இந்த உடலுக்கு வீண். அது காப்பாற்ற வந்த பலகை இங்கே அவ்வளவாக அசைவதே இல்லை.

பொருத்திய பிறகும் வேலை மிச்சம் இருக்கும். தடித்த தட்டைச்சுற்றுத் தந்திகள் கட்டினால் காந்தம் அவற்றை வலுவாக இழுக்கும். பிக்கப்பை, குறிப்பாக மந்தரத் தந்திகளின் பக்கம், நன்றாக இறக்கி வைக்க வேண்டும். ஜி தந்தி சுற்றுத் தந்தியாக இருந்தால் அதன் திருகைச் சற்று உயர்த்தி, பி தந்தியின் திருகை இறக்குவார்கள். அந்த நாளில் தகட்டில் பள்ளம் வெட்டிச் செய்ததை இன்று சிறு திருப்புளி செய்துவிடும். இதை வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்வதைவிட டிரம்ஸும் பாஸும் கூட இருக்கும் ஒத்திகையில் செய்வது நல்லது. தனிமையில் காதுக்கு இதமாகப் படுகிற மந்தரம், பாஸ் வாசிப்பவர் வந்ததும் அவருடைய ஓசையோடு மோதி இரண்டையும் கலங்கடிக்கும்.